தேவகனியின் கிராதி

என் தங்கை தேவகனி புதிதாக ஒரு வீட்டுக்குள் போனால் முதலில் சுவரைத் தொட்டுப் பார்ப்பாள். வீட்டுக்காரர்கள் உட்காரச் சொல்வதற்குள் ஜன்னல் கட்டையில் சாண் போட்டு அளந்துவிடுவாள். ஆறு வயதில், கோவிலில் எல்லாரும் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததற்காக அப்பாவிடம் அடி வாங்கினாள். "அம்புட்டுப் பெரிய உத்தரம் எதுல நிக்கிதுன்னு பாத்தேன்" என்று அழுதுகொண்டே சொன்னாள். எதில் நிற்கிறது என்று அப்பாவுக்கும் தெரியவில்லை. மறுவாரம் ஜெப நேரத்தில் அவரும் ஒரு தடவை அண்ணாந்து பார்த்ததை நான் கண்டேன். நானும் கண்ணை மூடவில்லை என்பதால் அதை யாரிடமும் சொல்லவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்று நாசரேத்தில் தச்சுவேலை பழகியவன். தேவகனி பள்ளி இறுதி வகுப்பை முடித்து, டிராயிங் பரீட்சையில் ஹையர் கிரேடும் தேறினாள். தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சர் விடுப்பில் போகும்போதெல்லாம் இவளைக் கூப்பிடுவார்கள். அவர் திரும்பி வந்ததும் அனுப்பிவிடுவார்கள். அப்பா தேவபிரசாதம் உபதேசியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா காலமான பிறகு நாங்கள் மூன்று பேரும் முத்தையாபுரத்தில் இருந்தோம். எங்கள் வீட்டில் ஒரே ஒரு சட்டம். விளக்கு வைத்து, ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். ஆறரைக்கு மேல் வெளியே இருக்கிறவன் ஊழியக்காரன் வீட்டுப் பிள்ளை அல்ல என்பார் அப்பா. காய்ச்சலில் கிடந்தாலும் ஏழு மணிக்கு எழுந்து உட்கார வேண்டும்.

தூத்துக்குடி பீச் ரோட்டு அரபு ஓட்டலைப் பற்றி ஊரில் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். ஒவ்வோர் அங்குலத்தையும் கூடவே இருந்து அளந்தவன் நான். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

1976 பிப்ரவரியில் காயல்பட்டினத்து நூகு லெப்பை என் பட்டறைக்கு வந்தார். நாற்பது வயதுக்காரர். பஹ்ரைனில் ஒரு மளிகைக் கிட்டங்கியில் ஏழு வருஷம் வேலை பார்த்துத் திரும்பியவர். நாற்பது நாற்காலி வேண்டும் என்றார்.

"அரபு ஓட்டல் போடுதேன். இந்தக் கரையிலயே இப்படி ஒண்ணு இருக்கப்படாது, பாத்துக்கிடுங்க" என்று சொல்லி, போர்டு எழுதுகிறவர் வரைந்து கொடுத்த படத்தை விரித்தார். பச்சை நிறத்தில், கவிழ்த்த கிண்ணம் மாதிரிக் கூரையாக ஒரு பெரிய குப்பா. இரண்டு பக்கமும் பேரீச்ச மரம். வாசலில் ஒட்டகம், பார்க்கக் கழுத்து நீண்ட ஆடு மாதிரி இருந்தது.

எனக்குச் சோறு கொண்டுவந்திருந்த தேவகனி என் தோளுக்கு மேலாகப் படத்தைப் பார்த்தாள்.

"காக்கா, அங்க நீங்க இதுக்குள்ள இருந்துதானா சாப்பிட்டிய?" என்று கேட்டாள். காயல்பட்டினத்தில் அண்ணன் முறைக்குக் காக்கா என்பார்கள்.

"எதுக்குள்ள?"

"இந்தக் குப்பாவுக்குள்ள."

"அது பள்ளிவாசல்ல இருக்கும்மா. சாப்பிடுத எடத்துல ஏது குப்பா?"

"ஒட்டகம்?"

நூகு லெப்பை தாடியைத் தடவினார். "ஏழு வருஷத்துல நாலு தடவை பாத்திருப்பேன்."

"அப்போ எங்க உக்காந்து சாப்பிட்டிய?"

அவரிடம் அதை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. இழைத்து வைத்திருந்த பலகை மேல் உட்கார்ந்து, யோசித்து யோசித்துச் சொன்னார். அவருடைய முதலாளி வீட்டில் தெருவைப் பார்த்து ஜன்னலே கிடையாது. கதவைத் திறந்தால் எதிரே சுவர்தான் நிற்கும். பக்கவாட்டில் திரும்பி, மறுபடி திரும்பினால்தான் முற்றம். மூன்று சுவரையும் ஒட்டித் தரையில் மெத்தை. முதலில் சர்க்கரை இல்லாத காப்பி, கைக்குள் அடங்கும் கோப்பையில். போதும் என்றால் வாயால் சொல்லக் கூடாது, கோப்பையை லேசாக ஆட்ட வேண்டும். ஆட்டத் தெரியாமல் முதல் நாள் பதினோரு கோப்பை குடித்தாராம். கூரைக்கு மேலே நாலு பக்கமும் திறந்த ஒரு கோபுரம் நின்று, போகிற காற்றைப் பிடித்துக் கீழே இறக்குமாம்.

அவர் சொல்லச் சொல்ல தேவகனி என் தச்சுப் பென்சிலை எடுத்து ஒரு மிச்சப் பலகையில் வரைந்துகொண்டே இருந்தாள்.

"பொம்பளையாளுக எங்க இருப்பாங்க?" என்று கேட்டாள்.

"அது எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பக்கம் தலைவச்சா என் தலை இங்க வந்திருக்குமா?" என்று சிரித்தார். பிறகு பலகையைத் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். போர்டு படத்தை என் பட்டறையிலேயே விட்டுவிட்டு, பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார்.

ஓட்டல் வரப்போகிற இடத்தைக் காட்ட எங்கள் இருவரையும் கூட்டிப்போனார். அது ஒரு பழைய கிட்டங்கி. கப்பலுக்குப் போகும் நிலவாகை இலையை மூட்டை மூட்டையாக அடுக்கிவைத்திருந்த இடம். அந்தக் கசப்பு வாடை இன்னும் சுவரில் இருந்தது. மேல்மாடியில் கடலைப் பார்த்து இருபத்துநாலு அடி நீளத்தில் ஒரு கூடம். தேவகனி வழக்கம்போலச் சுவரைத் தொட்டாள். காரை உதிர்ந்தது. என் உளியை வாங்கி இன்னும் கொஞ்சம் சுரண்டினாள். உள்ளே கடல் பாறைக் கல். தேன்கூடு மாதிரி துளையும் நட்சத்திரக் கோடுமாக.

நூகு லெப்பை கிட்டே வந்து விரலை வைத்துப் பார்த்தார். "அட, அங்க பழைய வீடெல்லாம் இதே கல்லுதாம்மா. அவனுகளும் முத்துக் குளிச்ச ஆளுகதானே. கடலு குடுத்ததுலதான் வீடு கட்டியிருக்கானுக" என்றார்.

"அப்போ அரபு நாட்டுச் செவரு உங்ககிட்டயே இருக்கு, காக்கா. எதுக்கு அதுக்கு மேல பச்சை பெயிண்டு?" என்றாள் இவள். குப்பா அன்றோடு ஒழிந்தது. காற்றுக் கோபுரமும் வேண்டாம், எதிரே கடல் இருக்கிறது, மேலே காற்று தானாக வரும் என்றாள்.

அப்போதுதான் அவர் முக்கியமான சங்கதியைச் சொன்னார். கிட்டங்கி அவருடையது அல்ல. காயல்பட்டினத்தில் வீடு வாசல் பெண்மக்களுக்குத்தான் போகும். இது அவருடைய ராத்தா, அதாவது அக்கா, ராபியாவுக்கு வாப்பா எழுதிவைத்தது. ராபியா பத்து வயதுவரை வாப்பாவோடு இங்கே வந்து, இந்த மேல்மாடியில் நின்று தோணிகள் பாய் விரிப்பதைப் பார்த்தவராம். அதற்குப் பிறகு முப்பத்தெட்டு வருஷமாக வந்ததில்லை. ஓட்டலுக்கு இடம் கொடுக்க அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்.

"'ரோட்டையும் கடலையும் பாத்துக்கிட்டே நான் சாப்பிடணும். ரோடு என்னைப் பாக்கப்படாது.' இதாம்மா அவ சொன்னது. அது நடக்காதுன்னா மேல்மாடியை ரூம் ரூமாத் தடுத்து லாட்ஜுக்கு விடச் சொல்லிட்டா. அதுக்கு ஒரு காண்ட்ராக்டரும் ரெடியா நிக்கிறாரு."

தேவகனி அந்தக் கூடத்தின் நடுவில் போய் நின்றாள். "திறப்பு விழாவுக்கு மொத நாள் அவங்க வந்து உக்காந்து பாக்கட்டும். சரியில்லைன்னா லாட்ஜு போடுங்க" என்றாள். பள்ளியில் ஒரு நிரந்தர வேலை கிடைக்காதவள், இத்தனை பெரிய கட்டடத்தில் ஒரு கூடத்தைத் தன்னுடையது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

மார்ச் மாதம் பத்தாம் தேதி, ராபியா ராத்தாவின் வீட்டைப் பார்க்கக் காயல்பட்டினம் போனோம். அந்த ஊரில் பெண்கள் போய்வர வீடுகளுக்கு இடையில் முடுக்குகள் உண்டு. தேவகனி படப் புத்தகத்தோடு முடுக்கு வழியாக உள்ளே போய்விட்டாள். நான் சாப்பாட்டுத் தூக்கைப் பிடித்துக்கொண்டு வெயிலில் தெருவில் நின்றேன். வீட்டு முகப்பில் மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்கும் பின்னிய ஒரு கிராதி. உள்ளே ஆள் இருப்பதாகவே தெரியவில்லை.

"டீச்சரோட அண்ணனா? தூக்கு அடியில ஒழுகுது, பாருங்க" என்றது ஒரு பெண்குரல்.

பார்த்தேன். சாம்பார் என் வேட்டியில் கோடு போட்டிருந்தது. குரல் வந்த இடத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன். மரம்தான் தெரிந்தது. உள்ளே நாலைந்து பேர் சிரிப்பது மட்டும் கேட்டது.

உள்ளே நடந்ததைத் தேவகனி திரும்பும் பஸ்ஸில் சொன்னாள். பேசியது ராபியா ராத்தாதான். கிராதியில் கீழ்ப் பகுதியின் துளைகள் ஓர் அங்குலம். உட்கார்ந்தவர் கண்மட்டமான முப்பது அங்குலத்துக்கு மேலே இரண்டு அங்குலம். அங்கே விருந்துச் சோற்றை சஹன் என்கிற பெரிய தட்டில் வைத்து, சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். அவள் அளந்த சஹன் இருபத்திரண்டு அங்குலம். மூன்று பேர் முழங்கால் இடிக்காமல் உட்கார ஐந்தடி வட்டம் வேண்டும்.

"ஆளுக்கு ஒரு தட்டு வச்சா நாப்பது நாற்காலி வேணும். சஹன் வச்சா ஒண்ணுகூட வேண்டாம்" என்றாள் சந்தோஷமாக. எனக்கு வந்த ஆர்டர் போனது அப்படித்தான்.

படப் புத்தகத்தில் கிராதிக்கு உள்பக்கம் ஒரு பலகைக் கதவும் கொக்கியும் வரைந்து, 'முக்கால் அங்குலம்' என்று குறித்திருந்தாள். அந்தக் கதவு எதற்கு என்று மட்டும் கேட்கவில்லை. வாயைத் திறந்தால் கேள்வியாகக் கேட்கிறவள் அந்த ஒன்றைக் கேட்காமல் வந்துவிட்டாள். விளக்கு வைத்ததும் சஹன் சாப்பாடு இருக்கிறது, இருந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று ராத்தா வற்புறுத்தினாராம். ஏழு மணி ஜெபம் இருக்கிறதே. மூன்று மணி பஸ்ஸைப் பிடித்துவிட்டோம்.

வேலை ஏப்ரலில் தொடங்கியது. வாசலுக்கு நேர் எதிரே அவள் சுவர் எழுப்பச் சொன்னபோது கொத்தனார் இசக்கியப்பன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏம்மா, பசியோட வாரவன் செவத்துல முட்டிக்கிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போயிருவான். அப்புறம் நூகு லெப்பைக்கு ஓட்டல் எதுக்கு?"

"மோந்து பாத்து வருவான் அண்ணாச்சி. திரும்புற எடத்துல அடுப்படி இருக்கு."

"அப்ப ஜலதோசம் பிடிச்சவன்?"

"அவனுக்கு நீங்க வழி காட்டுங்க."

இசக்கியப்பன் சுவரை எழுப்பினார். கட்டி முடித்த அன்று கண்ணை மூடிக்கொண்டு வாசலில் நுழைந்து, மூக்கை நீட்டிக்கொண்டு இரண்டு முறை திரும்பி முற்றத்துக்கு வந்து சேர்ந்தார். "வரலாம்" என்று மட்டும் சொன்னார்.

கிராதி என் வேலை. பழைய பங்களா உடைத்த பர்மா தேக்கு வாங்கினேன். ஒவ்வொரு சட்டத்திலும் பாதிக்குப் பாதி வெட்டி, ஆணி இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று பொருத்தினேன். இருபத்துநாலு அடி நீளம், ஆறடி உயரம், மூன்று மாதம். எண்ணெய் போட்டுத் தேய்த்தபோது தேன் நிறத்தில் நின்றது. என் கையால் அதற்கு முன்பும் பின்பும் அப்படி ஒன்று செய்ததில்லை.

பொருத்தப் பொருத்த, நாள்தோறும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு சோதனை நடக்கும். தேவகனி மேலே போய் ஏதாவது ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்வாள். நான் எதிரே மரியானின் டீக்கடை முன்னால் நிற்பேன்.

"இன்னைக்கு என்ன வச்சிருக்கேன்?"

"மட்டப்பலகை."

"கொட."

நான் ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை. சொல்லாததில் எங்கள் இருவருக்கும் அத்தனை சந்தோஷம். ஐந்தரை மணிக்கு உளியைத் துடைத்து வைத்துவிட்டுப் பஸ் ஏறிவிடுவோம்.

அக்டோபர் எட்டாம் தேதி வெள்ளிக்கிழமை திறப்பு என்று நாள் குறித்தார்கள். வியாழக்கிழமை மாலை தொழுகைக்குப் பிறகு ராபியா ராத்தா வருவதாகச் சொல்லி அனுப்பினார்.

நாலாம் தேதி திங்கட்கிழமை அப்பா ஒரு ஜெபக் கூட்டத்துக்காகச் சாத்தான்குளம் போயிருந்தார். மறுநாள்தான் வருவார். ஆகவே அன்று முதல்முறையாக ஐந்தரைக்குக் கிளம்பவில்லை. வயரிங்காரர் மேல்மாடியில் ஆறு டியூப்லைட் மாட்டிக்கொண்டிருந்தார். தேவகனி மேலே இருந்தாள். நான் டீ குடிக்க எதிர்ப்பக்கம் வந்தேன். இருட்டத் தொடங்கியிருந்தது. அப்போது லைட் எரிந்தது.

என் தங்கை அப்படியே தெரிந்தாள். காதில் செருகிய பென்சில் தெரிந்தது. பின்னல் நுனியில் கட்டிய ரிப்பனின் நிறம் தெரிந்தது. குனிந்து சேலைக் கொசுவத்தைச் சரிசெய்தாள், அதுவும் தெரிந்தது. என் தேக்குக் கிராதி அவளுக்கு முன்னால் இருக்கிறதா என்றே சந்தேகம் வந்தது.

டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிவிட்டார்கள். "ஏலே, டிக்கெட் இல்லாத சினிமா" என்றான் ஒருவன். மரியான் அவன் கையிலிருந்த கிளாசைப் பிடுங்கி, "டீச்சரம்மா அது. எந்திரிச்சுப் போல" என்று விரட்டினார்.

நான் ஓடிப்போய் அவளைக் கீழே கூட்டிவந்து, வயரிங்காரரை மேலே நடக்கச் சொல்லிக் காட்டினேன். அவள் நடுரோட்டில் நின்று பார்த்தாள்.

"பகல்ல உள்ள இருட்டு, வெளிய வெளிச்சம். இப்போ மாறிப்போச்சு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அந்தப் பலகைக் கதவு இதுக்குத்தான் அண்ணே. லைட்டுப் போடுறதுக்கு முன்னாடி அதைச் சாத்துவாங்க. நான் கேக்கல. எட்டு மாசமா நாம இருட்டுல ஒருநாள்கூட இங்கன நிக்கல" என்றாள்.

"அப்போ நாமளும் கதவு போட்டிருவோம். ரெண்டு நாள்ல அடிச்சுத் தாரேன்."

"கதவைச் சாத்தினா அவங்க ரோட்டை எப்படிப் பாப்பாங்க?"

ஓட்டலில் கூட்டம் வருவதே மாலைக்கு மேல்தான். துணித்திரை போடலாமா என்று நூகு லெப்பையைக் கேட்டோம். "ராத்தா முப்பத்தெட்டு வருசமாத் துணிக்குப் பின்னாலதான் இருக்கா. அதுக்கு இங்க எதுக்கு வரணும்?" என்றார். லாட்ஜுக் காண்ட்ராக்டரை வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருப்பதாகவும், முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை ஜெபம் முடிந்ததும் தேவகனி கிராதியின் மிச்சத் துண்டு ஒன்றை எங்கள் வீட்டு அடுக்களை வாசலில் நிறுத்தினாள். அரிக்கேன் விளக்கை அடுக்களைக்குள் வைத்துவிட்டு, என்னை வெளியே நிற்கச் சொன்னாள். அவள் முழுதாகத் தெரிந்தாள். விளக்கை வெளியே எடுத்து, கிராதி மேல் வெளிச்சம் படும்படி வைத்தாள். நிழல்மாதிரி தெரிந்தாள். அப்பா கட்டிலில் இருந்தபடி, "என்ன ரெண்டு பேருக்கும் திருடன் போலீசா?" என்று கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் தெரியுது" என்றேன்.

டிராயிங் டீச்சர் பையில் சாக்பீஸ் இல்லாமல் இருக்காது. வெளியே வந்து கிராதியின் இடது பாதியில் சாக்பீஸை அழுத்தித் தேய்த்தாள். சட்டங்கள் எல்லாம் வெள்ளையாகும்வரை தேய்த்தாள். மறுபடி உள்ளே போனாள். வலது பாதியில், தேக்கு நிறத்துக்குப் பின்னால், அவள் நிழல் அசைந்தது. இடது பாதிக்கு வந்தாள். காணாமல் போனாள். விளக்கு வெளிச்சம் வெள்ளைச் சட்டங்களில் பட்டுக் கண்ணைத் தடுத்தது. துளைக்குள் பார்வை போகவே இல்லை.

"எத்தனை விரல்?" என்று உள்ளிருந்து கேட்டாள்.

"ஆளே இல்லையே."

வெளியே வந்தவள் என் முகத்தைப் பார்த்தாள். சொல்லத் தயங்கினாள். நானே சொன்னேன். "வெள்ளை பெயிண்டு ஒரு நாள்ல காஞ்சிரும்."

"தேக்கு, அண்ணே."

"உள்பக்கம் தேக்காத்தானே இருக்கும்? அவங்க பாக்கட்டும்."

புதன்கிழமை முழுவதும் நானே பெயிண்ட் அடித்தேன். வேறு ஆளை விட மனம் வரவில்லை. வயரிங்காரர் ஆறு டியூப்லைட்டையும் கழற்றி, முட்டி உயரத்தில் இருந்த சுவர் மாடங்களில் சின்னச் சின்ன பல்பு மாட்டினார். சஹனில் சோறு தெரிய அது போதும். வெளியே கூரை விளிம்புக்கு அடியில் கிராதியைப் பார்த்து மூன்று பெரிய பல்பு. "கல்யாண வீட்டுக்குள்ள இருட்டு, தெருவுக்கு வெளிச்சம். நல்ல கூத்து" என்று முணுமுணுத்தார்.

வியாழக்கிழமை ஏழு மணிக்கு வீட்டில் இருக்க முடியாது. அப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்று தேவகனியிடம் சொல்லியிருந்தேன். காலையில் இரண்டு தடவை அவர் முன்னால் போய் நின்றேன். இரண்டு தடவையும் வேட்டியைச் சரிசெய்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

மாலை தொழுகை முடிந்து, ஏழு மணி வாக்கில் இரண்டு கார்கள் வந்தன. ராபியா ராத்தாவும் எட்டுப் பெண்களும் இறங்கி, வாசல் சுவரைச் சுற்றித் திரும்பி மாடிக்குப் போய்விட்டார்கள். தேவகனி மேலே அவர்களோடு இருந்தாள். நானும் நூகு லெப்பையும் மரியான் கடை முன்னால் நின்றோம். கூரை விளக்குகள் எரிந்தன. கிராதி வெளுத்துப்போன சுவர் மாதிரி நின்றது.

"ராத்தா, ஒண்ணுமே தெரியல" என்று நூகு லெப்பை மேலே பார்த்துச் சொன்னார்.

"நீ அப்படித்தான் சொல்லுவே. கடை உன்னுது" என்று மேலிருந்து குரல் வந்தது. "டீச்சர் அண்ணனும் அப்படித்தான் சொல்லுவாரு. பலகை அவரது. கொஞ்சம் பொறு, சஹனை இப்ப அனுப்பாதே."

கால்மணி நேரம் போனது. மேலே யாரும் சாப்பிட உட்காரவில்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது. நூகு லெப்பை ஒரே டீயை ஆற்றிக்கொண்டே நின்றார்.

அப்போது முத்தையாபுரம் பஸ் நின்ற திசையிலிருந்து அப்பா வந்தார். குடையை அக்குளில் இடுக்கியிருந்தார். அவர் நடையிலேயே கோபம் தெரிந்தது.

"ஏலே சுந்தரராஜ், மணி என்ன? எங்கல அவ?"

"மேல இருக்கா அப்பா."

அப்பா நடுரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்தார். இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பப் பார்த்தார். ஒரு சைக்கிள்காரன் மணியடித்துச் சுற்றிப் போனான்.

"எங்கல மேல? வெறும் வெள்ளைச் செவருல்லா தெரியுது. ஆரையும் காணோம்."

"அங்கனதான் இருக்கா."

"பொய் சொல்லாதல. ஏளா தேவகனி!"

"அப்பா, சட்டப் பொத்தானை மாத்திப் போட்டிருக்கிய" என்றது வெள்ளைச் சுவர்.

அப்பா குனிந்து சட்டையைப் பார்த்தார். அவசரத்தில் ஒரு பொத்தான் தவறி, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருந்தது. மேலே பெண்கள் சிரித்த சிரிப்பில் டீக்கடை பெஞ்சும் சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. பொத்தானில் கையை வைத்தபடி மறுபடி மேலே பார்த்தார். கோபம் போய், கோவில் உத்தரத்தைப் பார்த்தபோது இருந்த முகம் வந்திருந்தது.

"நூகு" என்றார் ராபியா ராத்தா. "பெத்த மகளைத் தேடி நிக்கிறாரு, அவருக்கே தெரியல. எனக்கு இது போதும். பெரியவருக்கு ஒரு நாற்காலி போடு. சஹனை மேல அனுப்பு. அந்தக் காண்ட்ராக்டரை வரவேண்டாம்னு சொல்லிரு."

மூன்று சஹன் மேலே போனது. நெய்ச்சோற்று வாசனை எங்களைத் தாண்டிப் போகும்போது நூகு லெப்பை ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு ராபியா ராத்தா யாரிடமோ, "அந்த மூணாவது தோணியைப் பாரேன், வெளக்கேத்துறானுக" என்று சொன்னது காதில் விழுந்தது.

எட்டரை மணி பஸ்ஸில் மூன்று பேரும் திரும்பினோம். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். உப்பளத்தைத் தாண்டியதும், "உள்ள இருந்து என் பொத்தான் எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

தேவகனி அவர் வலது கையை எடுத்து விரல்களை விரித்து, அவர் கண்ணுக்கு முன்னால் வைத்தாள். எதிரே ஒரு லாரி விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தது. "இப்போ நீங்க உள்ள இருக்கிய" என்றாள்.

அப்பா விரலிடுக்கு வழியாக லாரி போவதைப் பார்த்தார். அடுத்ததும் பார்த்தார். முத்தையாபுரம் நிறுத்தம் வரும்வரை கையை இறக்கவில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டில் ஜெபம் ஒன்பதே காலுக்கு நடந்தது. யாரும் கண்ணை மூடினார்களா என்று நான் பார்க்கவில்லை.